கடைக்கு ஒரு தீம்: டிசைன் டோக்கன்களை நிரலுக்குள் ஒத்திசைக்க எந்தக் கருவியை எடுப்பது?

மதுரையில் இயங்கும் சிறிய மென்பொருள் குழுக்களுக்கு வரும் வேலைகளில் ஒரு வகை, ஒரே செயலியைப் பல கடைகளுக்குப் பல முகங்களுடன் கொடுப்பதாகும். தெற்காவணி மூல வீதியில் நகைக்கடை வைத்திருப்பவருக்கும், சுங்குடிச் சேலை விற்பவருக்கும், மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் மல்லிகை வாங்கி வெளியூருக்கு அனுப்பும் வியாபாரிக்கும் போகும் ஆர்டர் செயலி உள்ளே ஒன்றாகவே இருக்கும். நிறம், எழுத்துரு, இடைவெளி, பொத்தானின் மூலை வளைவு ஆகியவைதான் கடைக்குக் கடை மாறும். பெயரிட்டு வைத்த இந்த மதிப்புகளே டிசைன் டோக்கன்கள். ஒரு கடைக்கு உரிய டோக்கன்களின் தொகுதி ஒரு தீம். வடிவமைப்பாளர் அவற்றைத் திரைகளை வரையும் ஃபிக்மா என்ற கருவியில் வைத்திருக்கிறார், நிரலாளருக்கு அவை நிரலைச் சேமித்துவைக்கும் ரெப்போவுக்குள் வேண்டும். டர்மினலில் ஒரு கட்டளை கொடுத்து அவற்றைக் கொண்டுவர இன்று பல வழிகள் இருக்கின்றன.

ஒப்பீட்டுக்காக ஒரு குழுவை மனத்தில் வைத்துக்கொள்கிறேன். ஒரே ஒரு வடிவமைப்பாளர், நான்கைந்து நிரலாளர்கள், ரியாக்ட்டில் எழுதிய ஓர் இணையதளம், ஃப்ளட்டரில் எழுதிய ஓர் ஆண்ட்ராய்டு செயலி, ஆறு கடைகள். இலந்தைக்குளத்திலும் வடபழஞ்சியிலும் உள்ள எல்காட் வளாகங்களில் பெரிய நிறுவனங்களுக்கு வேலை செய்வோரின் நிலை வேறு. அவர்களுக்கு உரிய வழியையும் இடையில் சொல்கிறேன். கருவிகளின் அறிமுகப் பக்கங்கள் எல்லாம் முதல்முறை டோக்கன்களை இழுத்துக் காட்டுவதோடு நின்றுவிடுகின்றன. அது எந்தக் கருவியிலும் அழகாகத்தான் நடக்கும். முடிவெடுப்பவர் கேட்க வேண்டியவை அதற்குப் பிறகு வரும் கேள்விகள். இரு பக்கமும் திருத்தம் நடந்திருந்தால் கட்டளை யாருடையதை அழிக்கும்? ஃபிக்மாவில் நீக்கிய டோக்கன் நிரலிலும் நீங்குமா? பெயர் மாறினால், பழைய பெயரைப் பயன்படுத்தும் இடங்கள் பில்டில், அதாவது நிரலைச் செயலியாகக் கட்டும் படியில், உடையுமா, அல்லது சத்தமில்லாமல் நிறமிழந்து நிற்குமா?

முதலில், கருவியே இல்லாமல் கையால் எழுதும் வழி. ஒரு கடை, ஒரு இணையதளம், இருபது முப்பது டோக்கன்கள் என்ற அளவில் இதை யாரும் குறை சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஆண்ட்ராய்டு செயலி சேர்ந்த அன்றே இது ஆபத்தாகிவிடுகிறது. #90203080 என்ற மதிப்பை எடுத்துக்கொள்வோம். இணையதளத்தின் தோற்றத்தை எழுதும் சிஎஸ்எஸ் மொழி இதை #902030 என்ற அரக்கு நிறமாகவும், கடைசி இரண்டு இலக்கங்களான 80-ஐப் பாதி ஒளிபுகும் தன்மையாகவும் படிக்கும். ஆண்ட்ராய்டும் ஃப்ளட்டரும் ஒளிபுகும் தன்மையை முன்னால் எதிர்பார்ப்பவை. ஆகவே அதே எட்டு இலக்கங்களை அங்கே ஒட்டினால் 90 ஒளிபுகும் தன்மையாகி, மீதமுள்ள 203080 நீலமாகத் தெரியும். பிழைச் செய்தி எதுவும் வராது. அரக்கு நிழல் இருக்க வேண்டிய இடத்தில் நீல நிழல் மட்டும் இருக்கும். அங்கே #80902030 என்று எழுத வேண்டும் என்பதை மனிதர் நினைவில் வைத்திருப்பதைவிடக் கருவியிடம் விடுவதே மேல்.

இரண்டாவது வழி, ஃபிக்மாவில் மதிப்புகளைப் பெயரிட்டு வைக்கும் வேரியபிள்களை, நிரல்கள் தரவு கேட்டு வாங்கும் அதன் ரெஸ்ட் ஏபிஐ மூலம் நேராக எடுத்து, சொந்தமாக எழுதிய ஒரு சிறு கட்டளைக் கருவியால் கோப்பாக்குவது. வேரியபிள்கள் 2023-இல் ஃபிக்மாவுக்கு வந்தன. ஒரு தொகுப்புக்குள் பல மோடுகள் (மாற்று மதிப்புத் தொகுதிகள்) வைத்து, கடைக்கு ஒரு மோடு என்று பிரிக்கலாம். இந்த வழியின் முதல் தடை தொழில்நுட்பம் சார்ந்தது அன்று. வேரியபிள்களுக்கான ரெஸ்ட் ஏபிஐ, ஃபிக்மாவின் எண்டர்பிரைஸ் என்ற கட்டணத் திட்டத்தில் உள்ளவர்களுக்கு மட்டுமே திறந்திருக்கிறது. ஆறு பேர் குழு அந்தத் திட்டத்துக்குப் பணம் கட்டுவது பொருந்தாத செலவு. வளாகங்களில் வெளிநாட்டு வாடிக்கையாளரின் கணக்கிலேயே வேலை செய்வோருக்கு அது ஏற்கெனவே இருக்கக்கூடும்; அவர்கள் மேலே படிக்கலாம்.

ஏபிஐ தரும் தரவு நேரடியாகப் பயன்படும் வடிவில் வருவதில்லை. மேலே சொன்ன #902030 அங்கே சிவப்பு 0.5647, பச்சை 0.1255, நீலம் 0.1882 என்று 0 முதல் 1 வரையிலான பின்னங்களாக வரும். 255-ஆல் பெருக்கி முழு எண்ணாக்கும் வேலை நம்முடையது. எண்களுக்கு அலகு கிடையாது. 16 என்று வருவது பிக்சலா, அடிப்படை எழுத்தளவைச் சார்ந்த ரெம் அலகுக்கு மாற்ற வேண்டியதா, 700 என்று வருவது எழுத்தின் தடிமனா அகலமா என்பதை, வேரியபிளுக்கு வடிவமைப்பாளர் குறித்துவைத்த பயன்பாட்டு எல்லையைப் பார்த்தோ பெயரைப் பார்த்தோ நம் நிரல்தான் தீர்மானிக்க வேண்டும். ஒரு வேரியபிள் இன்னொன்றைச் சுட்டினால், மதிப்புக்குப் பதிலாக அந்த இன்னொன்றின் அடையாள எண் வரும். அதைத் தேடி அவிழ்க்க வேண்டும். இவற்றை எழுதுவது கடினமன்று, பராமரிப்பதுதான் தொடரும் வேலை. எழுதியவர் பெங்களூருக்கு வேலை மாறிப் போய்விட்டால் அந்த ஸ்கிரிப்டைத் திறக்கவே மற்றவர்கள் தயங்குவார்கள்.

இந்த வழிக்கு ஒரு பலம் உண்டு, அதைப் பலரும் கவனிப்பதில்லை. வேரியபிளின் பெயர் மாறினாலும் அதன் அடையாள எண் மாறாது. முந்தைய ஓட்டத்தில் கண்ட எண்களை ஒரு கோப்பில் சேமித்துவைக்கும் கருவி, ஒரு டோக்கன் நீக்கப்பட்டதா, பெயர் மட்டும் மாறியதா என்பதை உறுதியாகப் பிரித்துச் சொல்ல முடியும்; பெயர் மாற்றமாக இருந்தால் நிரல் முழுவதும் அதைத் தானே மாற்றவும் செய்யலாம். ஜேசன் என்ற உரை வடிவத் தரவுக் கோப்பை நடுவில் வைக்கும் மற்ற வழிகளில் பெயர்தான் அடையாளம் என்பதால், பெயர் மாற்றம் ஒரு நீக்கமும் ஒரு சேர்க்கையுமாகவே தெரியும்.

மூன்றாவது வழியில்தான் எனக்குச் சொல்ல அதிகம் இருக்கிறது. ஃபிக்மாவில் டோக்கன்ஸ் ஸ்டுடியோ என்ற பிளக்இன்னை (கூடுதல் வசதி தரும் இணைப்பை) போட்டு, டோக்கன்களை ஜேசன் கோப்புகளாகக் கிட்ஹப் அல்லது கிட்லேப் ரெப்போவின் ஒரு கிளைக்குத் தள்ளுவது. அங்கிருந்து ஸ்டைல் டிக்ஷனரி என்ற கட்டளைக் கருவியால் சிஎஸ்எஸ், ஃப்ளட்டரின் மொழியான டார்ட், ஆண்ட்ராய்டு எக்ஸ்எம்எல் என்று வேண்டிய வடிவங்களில் எழுதிக்கொள்வது. ஸ்டைல் டிக்ஷனரி அமேசான் வெளியிட்ட திறந்த மூலக் கருவி. 2024-இல் வந்த நான்காம் பதிப்பு முதல் இணையத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி-யின் டிசைன் டோக்கன்ஸ் குழு வகுத்த ஜேசன் வடிவத்தையும் ஏற்கிறது. பிளக்இன்களுக்கு ஃபிக்மாவின் சாதாரணத் திட்டத்திலும் வேரியபிள்களைப் படிக்க அனுமதி உண்டு என்பதால் எண்டர்பிரைஸ் தடை இங்கே இல்லை. தீம்களைத் தனித்தனிக் கோப்புகளாகத் தள்ளும் வசதிக்குப் பிளக்இன்னின் கட்டணத் திட்டம் தேவைப்படும்; அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இந்த ஏற்பாட்டில் கட்டளைக் கருவி ஃபிக்மாவைத் தொடுவதே இல்லை. உண்மைப் பிரதி, மாற்றங்களின் வரலாற்றைக் காக்கும் கிட்டில் இருக்கிறது. வடிவமைப்பாளரின் மாற்றம் ஒரு கமிட்டாக (பதிவாக), புல் ரிக்வெஸ்டாக (மற்றவர் பார்த்து ஏற்க வேண்டிய கோரிக்கையாக) வருகிறது. நகைக்கடைத் தீமில் பொத்தான் நிறம் மாறியது என்றால், மாறிய வரி, மாற்றியவர், நேரம் மூன்றும் அங்கேயே தெரியும். ஒவ்வொரு மாற்றத்தையும் தானாகக் கட்டிச் சோதிக்கும் சிஐ-யில் ஃபிக்மாவின் ரகசியச் சாவி எதையும் வைக்க வேண்டியதில்லை. இணைய இணைப்பு தடுமாறும் நாளிலும், ரெப்போ கையில் இருந்தால் பில்ட் ஓடும்.

தவறுகளைக் கருவி எப்படிச் சொல்கிறது என்பதும் முக்கியம். ஒரு டோக்கன் இல்லாத இன்னொரு டோக்கனைச் சுட்டினால், ஸ்டைல் டிக்ஷனரியின் புதிய பதிப்புகள் இயல்பாகவே பிழை எறிந்து நின்றுவிடும்; சிஐ சிவப்பாகும், தவறான தீம் வெளியே போகாது. ஒரே பெயர் இரண்டு கோப்புகளில் வந்து மோதினால் எச்சரிக்கை மட்டும் வரும், பின்னால் படித்த கோப்பின் மதிப்பு வெல்லும். கடைத் தீம், அடிப்படைத் தீமை மேலெழுத வேண்டிய இடத்தில் இந்த நடத்தைதான் நமக்கு வேண்டியது. இரண்டு கடைகளின் கோப்புகளைக் கவனமின்றி ஒரே ஓட்டத்தில் சேர்த்துவிட்டால் இதுவே ஒரு கடையின் நிறத்தை இன்னொரு கடைக்குக் கொடுத்துவிடும். ஆகவே கடைக்கு ஓர் ஓட்டம் என்று சுற்றி வரும் ஒரு சிறு கோப்பை எழுதிக்கொள்வது நல்லது.

சுட்டுதல்களை அவிழ்த்து எழுதுவதா, அப்படியே விடுவதா என்பது இன்னொரு தேர்வு. அவிழ்க்காமல் விட்டால் சிஎஸ்எஸ்-இல் பொத்தான் நிறம் என்ற மாறி, பிராண்ட் நிறம் என்ற மாறியைச் சுட்டியபடியே நிற்கும். கடை மாறும்போது பிராண்ட் நிறத்தை மட்டும் மாற்றினால் போதும், கோப்பும் சிறிதாக இருக்கும். ஃப்ளட்டருக்கு எழுதும் டார்ட் வகுப்பில் மதிப்புகளை முழுதாக அவிழ்த்து எழுதுவதே தொல்லையில்லாதது.

ஜேசன் வடிவத்தைத் தொடக்கத்திலேயே முடிவு செய்துவிட வேண்டும். டோக்கன்ஸ் ஸ்டுடியோ தன் பழைய வடிவத்திலும் எழுதும், டபிள்யூ3சி குழுவின் வடிவத்திலும் எழுதும். அந்தக் குழுவின் விவரக்குறிப்பு 2025 அக்டோபரில்தான் முதல் நிலையான பதிப்பை எட்டியது; அதில் நிறம் என்பது ஒரு சரமாக இல்லாமல், நிறவெளியும் கூறுகளும் கொண்ட ஒரு பொருளாக எழுதப்படுகிறது. குழு எடுத்திருக்கும் பிளக்இன் பதிப்பும் ஸ்டைல் டிக்ஷனரிப் பதிப்பும் நிறத்தை ஒரே விதமாகப் படிக்கின்றனவா என்பதை ஒரு கடையின் தீமை வைத்து முழுதாக ஓட்டிப் பார்த்த பிறகே மற்ற கடைகளுக்குப் போக வேண்டும்.

தீம் என்றால் நிறம் என்று நினைத்துவிடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. தமிழ் இடைமுகத்துக்கு அது போதாது. ஆங்கிலத்துக்கு 1.2 என்று வைத்த வரி உயரத்தில் தமிழை ஊற்றினால், மேல் வரியில் ‘கூ’, ‘மூ’ போன்ற எழுத்துகள் கீழே இறங்கும் இடமும், கீழ் வரியில் ‘கி’, ‘கீ’ ஆகியவற்றின் மேல் வளைவு ஏறும் இடமும் ஒன்றை ஒன்று நெருக்கும். உயரம் கட்டிய பெட்டிக்குள் இருந்தால் வெட்டுப்பட்டும் போகும். ‘ஆர்டரை உறுதி செய்யவும்’ என்ற பொத்தானுக்கு ஆங்கிலத்தில் கணக்கிட்ட அகலம் போதவே போதாது. ஆக மொழியும் தீமின் ஓர் அச்சு. ஆறு கடை, பகல் இரவு என இரண்டு, தமிழ் ஆங்கிலம் என இரண்டு என்று எல்லாச் சேர்க்கைகளையும் தனித்தனி மோடுகளாக வைத்தால் 24 ஆகிவிடும். ஃபிக்மாவில் ஒரு தொகுப்புக்கான மோடுகளின் எண்ணிக்கைக்குத் திட்டவாரியாக வரம்பும் உண்டு. நிறத்துக்கு ஒரு தொகுப்பு, எழுத்தமைப்புக்கு வேறொரு தொகுப்பு என்று பிரித்து, மொழி மோடுகளை இரண்டாவதில் மட்டும் வைப்பதே வழி. நிறத்துக்குக் கடையும் பகல் இரவும் சேர்ந்து 12, எழுத்தமைப்புக்கு 2. ஸ்டைல் டிக்ஷனரி இந்தப் பிரிவை அப்படியே ஏற்றுக்கொள்ளும். அடுத்துச் சொல்லப்போகும் கருவி ஏற்றுக்கொள்ளாது.

நான்காவது வழி, ஷாட்சிஎன் கட்டளைக் கருவி. ரியாக்ட்டும் டெய்ல்விண்ட் என்ற சிஎஸ்எஸ் கருவியும் பயன்படுத்துவோர் பலரும் அறிந்தது. தீமை ஒரு ஜேசனாக ஒரு முகவரியில் வைத்துவிட்டு, அந்த முகவரியைக் கொடுத்துச் சேர்க்கும் கட்டளையை ஓட்டினால், பகலுக்கும் இரவுக்குமான நிற மாறிகள் நம்முடைய முதன்மை சிஎஸ்எஸ் கோப்புக்குள் வந்து அமர்ந்துகொள்ளும். உலாவியிலேயே தீமை வரைந்து இப்படி முகவரியாகத் தரும் தளங்களும் இருக்கின்றன. தொடங்கும் வேகத்தில் இதை வேறு எதுவும் நெருங்காது. ஒரு மதிய நேரத்தில் வாடிக்கையாளருக்கு மாதிரி காட்ட வேண்டுமானால் நான் இதைத்தான் எடுப்பேன்.

ஆனால் நம்முடைய கேள்விகளை இதனிடம் கேட்டால் பதில்கள் அவ்வளவு வசதியாக இல்லை. இது நிரலை நகலெடுத்து நம் கையில் கொடுக்கும் கருவி. அதன் கொள்கையே அதுதான். கொடுத்த பிறகு அந்தக் கோப்பு நம்முடையது, அதில் நிரலாளரின் சொந்த வரிகளும் கலந்திருக்கும். மறுபடி ஓட்டும்போது அதே பெயருள்ள மாறிகள் புதிய மதிப்பைப் பெறும். தீமிலிருந்து நீக்கப்பட்ட மாறி பழைய மதிப்புடன் அங்கேயே தங்கிவிடும். கோப்பில் இப்போது இருப்பது தீமின் எந்தப் பதிப்பு என்ற குறிப்பும் இருக்காது. இரவல் வாங்கிய பாத்திரத்தில் பெயர் வெட்டாமல் விட்டதைப் போல, சில மாதங்களில் எது வடிவமைப்பாளருடையது, எது நிரலாளருடையது என்று பிரிக்க முடியாமல் போகும். ஃப்ளட்டர் செயலிக்கும் இது உதவாது. ஒரு கடை, இணையதளம் மட்டும், டெய்ல்விண்ட் என்ற மூன்றும் சேர்ந்த இடத்தில் இதுவே போதும் என்பேன். அங்கே ஸ்டைல் டிக்ஷனரியைக் கொண்டுவருவது வீண் சுமை.

ஐந்தாவதாக, பில்ட் செய்த தீம்களை என்பிஎம் பேக்கேஜாக (ஜாவாஸ்கிரிப்ட் நிரலாளர்கள் பகிரும் நிரல் தொகுப்பாக) வெளியிட்டு, ஒவ்வொரு ரெப்போவும் ஒரு பதிப்பு எண்ணைப் பிடித்துக்கொள்ளும் முறை. இது மூன்றாவது வழிக்கு மாற்றாகாது, அதன் மேல் போடும் ஒரு படி. ரெப்போக்கள் பலவாகவும், அவை வெவ்வேறு வேகத்தில் வெளியாவதாகவும் இருந்தால் இதன் அருமை தெரியும்: டோக்கன் ஒன்றை நீக்கினால் முதன்மைப் பதிப்பு எண்ணை ஏற்றிவிடலாம், தயாராகாதவர்கள் பழையதிலேயே இருக்கலாம். இணையதளமும் செயலியும் ஒரே ரெப்போவில் இருக்கும் குழுவுக்கு இது வெளியீட்டு வேலையை மட்டுமே கூட்டும்.

இவை ஐந்துக்கும் பொதுவான ஓர் எல்லை இருக்கிறது: மதிப்பு பில்டின்போதே தெரிந்திருக்க வேண்டும். சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் எந்த நிறப் பட்டு உடுத்தி வைகையில் இறங்குகிறார் என்பது அன்று அதிகாலை வரை பொதுமக்களுக்குத் தெரியாது. பச்சை என்றால் விளைச்சல் செழிக்கும் என்று ஊரே மகிழும். அந்த நிறத்திலேயே அன்று காலை தன் செயலியின் முகப்பு இருக்க வேண்டும் என்று ஒரு சேலைக் கடைக்காரர் கேட்டால், அது நியாயமான ஆசைதான்; ஆனால் டோக்கனை மாற்றி, புல் ரிக்வெஸ்ட் போட்டு, பில்ட் செய்து, பிளே ஸ்டோருக்கு அனுப்பி முடிப்பதற்குள் அழகர் வண்டியூரைக் கடந்திருப்பார். இத்தகைய தேவைக்குச் சேவையகத்திலிருந்து இயங்குநேரத்தில் நிறத்தைக் கொடுக்கும் வழி வேண்டும். அதை முகப்புப் பட்டை, பின்னணி என்ற ஓரிரு டோக்கன்களுக்கு மட்டும் திறந்துவிட்டு, மற்றவற்றைப் பில்டிலேயே வைத்திருப்பது என் பரிந்துரை. முழுத் தீமையும் இயங்குநேரத்துக்கு மாற்றினால், சிஐ செய்துவந்த சோதனைகள் எல்லாம் கை நழுவிவிடும்.

அந்தச் சோதனைகளில் ஒன்றைச் சொல்ல வேண்டும், ஏனெனில் நகைக்கடைத் தீம்களில் இது அடிக்கடி வரும். #998040 என்ற மங்கிய தங்க நிறப் பொத்தானில் வெள்ளை எழுத்து வைத்தால் நிறமாறுபாடு ஏறத்தாழ 3.8-க்கு 1. சாதாரண அளவு எழுத்துக்கு, எல்லோரும் எளிதில் படிப்பதற்கான டபிள்யூசிஏஜி நெறிமுறை கேட்பது குறைந்தது 4.5-க்கு 1. கண்ணாடி போடாமல் வெயிலில் நின்று ஃபோனைப் பார்க்கும் வாடிக்கையாளருக்கு இந்த வித்தியாசம் விலை தெரிவதற்கும் தெரியாமல் போவதற்கும் உள்ள வித்தியாசம். டோக்கன்கள் ஜேசனாகக் கிட்டில் இருந்தால், எழுத்து நிறமும் பின்னணி நிறமும் இணையாகும் இடங்களை வரிசையாகக் கணக்கிட்டுப் புல் ரிக்வெஸ்டையே நிறுத்தும் சோதனையைச் சில பத்து வரிகளில் எழுதிவிடலாம். அரக்கு #902030-இன் மேல் வெள்ளை 8.6-க்கு 1 என்று தாராளமாகத் தேறும்.

ஆகவே மேலே சொன்ன ஆறு கடைக் குழுவுக்கு என் தேர்வு மூன்றாவது வழி: டோக்கன்ஸ் ஸ்டுடியோ, கிட், ஸ்டைல் டிக்ஷனரி. எண்டர்பிரைஸ் கணக்கு கையில் இருப்பவர்கள் பிளக்இன்னை விட்டுவிட்டு ஏபிஐ-யிலிருந்து ஜேசன் எழுதும் பகுதியை மட்டும் சொந்தமாகச் செய்து, பின்பகுதிக்கு ஸ்டைல் டிக்ஷனரியையே வைத்துக்கொள்ளலாம். அடையாள எண்ணால் பெயர் மாற்றத்தைப் பிடிக்கும் வசதி அவர்களுக்குக் கூடுதலாகக் கிடைக்கும். எந்த வழியானாலும் ஒத்திசைவு ஒரு திசையிலேயே ஓடட்டும். இருவழி ஒத்திசைவு கேட்க நன்றாக இருந்தாலும், ஒரே டோக்கனை இருவரும் மாற்றிய அன்று யார் சொல் செல்லும் என்பதற்கு எந்தக் கருவியாலும் விடை தர முடியாது.

அமைப்பில் இரண்டு விஷயங்களை முதல் நாளே செய்துவிட வேண்டும். பில்ட் எழுதும் கோப்புகள் தனிக் கோப்புறையில் இருக்கட்டும். ஒவ்வொரு முறையும் அந்தக் கோப்புறையைக் காலி செய்துவிட்டு எழுதினால், நீக்கிய டோக்கன் தங்கும் பிரச்சினையே எழாது. சிஐ அதே கட்டளையை மறுபடி ஓட்டி, கிட்டில் உள்ளதற்கும் இப்போது எழுதியதற்கும் ஒரு வரி வேறுபட்டாலும் நின்றுவிடட்டும். அவசரத்தில் பில்ட் கோப்பையே கையால் திருத்துபவர் அங்கே அகப்படுவார். இணையதளத்தில், இல்லாத ஒரு சிஎஸ்எஸ் மாறியைப் பயன்படுத்தினால் உலாவி பிழை சொல்லாது என்பதால், டோக்கன் பெயர்களைச் சரிபார்க்கும் ஸ்டைல்லின்ட் என்ற சிஎஸ்எஸ் சரிபார்ப்புக் கருவிக்கான ஒரு விதியையும் உடன் சேர்க்க வேண்டும். ஃப்ளட்டரில் அந்தக் கவலை இல்லை. பெயர் இல்லையென்றால் டார்ட் கம்பைலரே மறுத்துவிடும்.

ஏற்கெனவே ஷாட்சிஎன் வழியில் ஓடிக்கொண்டிருப்பவர்கள் மாறும்போது, முதல் புல் ரிக்வெஸ்டில் மதிப்பு எதையும் மாற்றாமல், இருக்கும் மாறிகளை அதே பெயரில் ஜேசனுக்கு நகர்த்தி, பில்ட் எழுதும் சிஎஸ்எஸ் பழையதோடு ஒத்துப்போகிறதா என்பதை மட்டும் பார்க்க வேண்டும். பெயர் சீர்திருத்தம் அடுத்த புல் ரிக்வெஸ்ட். இரண்டாவது கடையின் தீம் அதற்கும் அடுத்தது.